தையல்நாயகி மேடமும் ஆறாவது போத்தலும்

புதன்கிழமை காலையில் நான் படகுத்துறையில் ஃபெரிக்காக நின்றுகொண்டிருந்தபோது மேடத்தின் தங்கை திருச்சியிலிருந்து போன் செய்தார்கள். எஞ்சின் சத்தத்தில் முதலில் ஒன்றும் விளங்கவில்லை. ஃபெரியிலிருந்து வண்டிகள் எல்லாம் இறங்கி முடிந்த பிறகுதான் காதில் விழுந்தது.

“அக்கா போயிட்டாங்க, அண்ணே. காலையில காப்பி குடிச்சாங்க. பேப்பர் கேட்டாங்க. நான் எடுத்துக்கிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு.”

கஷ்டப்பட்டார்களா என்று கேட்டேன். தூங்குவது போலத்தான் இருந்தார்கள் என்று தங்கை சொன்னார்கள். இரண்டு வருடமாக ஒரு நோய் அவர்களைப் பிடித்து ஆட்டியது எனக்குத் தெரியும். அழுகை வருவதற்கு முன்னால் ஒரு பெரிய மூச்சுதான் வந்தது. அப்பாடா என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் அழுதேன்.

எனக்கு எழுதப் படிக்க வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. சமூகக் கூடத்தில் சாயங்கால வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டேன். இந்தப் பக்கங்களை நானே எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் பிடிக்கிறது. பிடிக்கட்டும். மேடத்தைப் பற்றி வேறு ஒருவரிடம் சொல்லி எழுத வைக்க எனக்கு மனம் இல்லை.

டாக்டர் தையல்நாயகி கும்பகோணம் பக்கத்தைச் சேர்ந்தவர்கள். கடலுக்கு அந்தப் பக்கம், மெயின்லேண்டில், ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களைத் தேடுவதுதான் அவர்கள் படிப்பு. ஆனால் எங்கள் பாராடாங் தீவில் யாரும் அவர்களை டாக்டர் என்று அழைத்ததில்லை. டீக்கடைக்காரர், ஃபெரிக்காரர், போலீஸ்காரர் எல்லாருக்கும் அவர்கள் ‘கீச்சட் மேடம்’. கீச்சட் என்றால் இந்தியில் சேறு. பூமிக்குள்ளிருந்து சேறு குமிழ்விட்டு வெளியே வருகிற சின்ன மேடுகள் எங்கள் தீவில் உண்டு. மண் எரிமலை என்று போர்டு வைத்திருக்கிறார்கள். மேடம் அங்கேயே பழியாய்க் கிடந்ததால் அந்தப் பெயர் வந்தது.

நான் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். கப்பலேறி வந்து கச்சல் தீவு ரப்பர்த் தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டினேன். சுனாமிக்குப் பிறகு கச்சலில் இருக்க முடியவில்லை. நானும் என் மனைவி ராமாயியும் பாராடாங்கில் மகள் வீட்டோடு வந்து சேர்ந்தோம். இங்கே ஒரு மலையாளியின் ரப்பர் மரங்களில் மறுபடியும் பால்வெட்டு. சுனாமி போய் மூன்றாம் வருடம், சேற்றுமேட்டுப் பக்கம் போனபோது ஓர் அம்மா முழங்கால்வரை சேற்றில் இறங்கி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணே, ஒரு கை குடுங்க. செருப்பை இதுவே வெச்சுக்கட்டும், என்னை மட்டும் வெளிய எடுங்க.”

எடுத்துவிட்டேன். அன்றிலிருந்து அவர்கள் வரும்போதெல்லாம் பெட்டி தூக்குவது, சேறு அள்ளுவது, போத்தல்களைப் பத்திரமாகப் பஸ் ஏற்றுவது என் வேலை ஆயிற்று.

சேறு அள்ளுவதில் ஒரு முறை இருந்தது. போத்தலில் காற்றே நிற்காதபடி கழுத்துவரை நிரப்ப வேண்டும். உள்ளே சுத்தமான ஓர் இரும்பாணியைப் போட்டு உடனே மூட வேண்டும். மூடியின் நடுவில் ஒரு ரப்பர் வில்லை இருக்கும். பிறகு ஐஸ் பெட்டி. இது எதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.

“அணு மின் நிலையத்துல எரிச்சு முடிச்ச கழிவு இருக்குல்ல, அது லேசுல ஆறாது. உங்க பேரன், அவன் பேரன், அவன் பேரன்னு நாக்கு வலிக்கிற வரைக்கும் எண்ணுங்க, அப்பவும் விஷமாத்தான் இருக்கும். அதைக் கனமான இரும்பு டப்பாவுல அடைச்சு, சுத்தி களிமண்ணை அழுத்தி, பாறைக்குள்ள ரொம்ப ஆழத்துல வைக்கலாம்னு பல நாட்டுல யோசிக்கறாங்க. வைக்கிற இடத்துல யார் குடியிருக்காங்கன்னு பாக்க வேண்டாமா?”

“அவ்வளவு ஆழத்துல யாருங்க மேடம் குடியிருப்பாங்க?”

“இருப்பாங்க. காத்து வேணாம், வெயில் வேணாம், அப்படிப்பட்ட ஆளுங்க. அவங்கள்ல சிலர் இரும்பை அரிப்பாங்க. சிலர் வாயுவை விட்டுக் களிமண்ணைப் பிளப்பாங்க. சிலர் நல்லவங்க, விஷம் தண்ணியில கரைஞ்சு ஓடாம பிடிச்சு வெச்சுக்குவாங்க. இரும்பை அரிக்கிறவங்க இருந்தா இந்த ஆணி கருத்துப் போகும்.”

நான் அள்ளுவதை நிறுத்தினேன். “மேடம், இங்கயா பொதைக்கப் போறாங்க? நாங்க ஏற்கெனவே ரெண்டு எடம் விட்டு வந்தவங்க.”

மேடம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தார்கள். “பூமி இந்த ஆட்டம் ஆடுற இடத்துல எவனாவது கொண்டுவந்து வைப்பானா? இங்க ஆழத்துச் சேறு தானா மேல வருது. தோண்டுற செலவு மிச்சம், அதுக்குத்தான் வந்தேன்.”

அன்று எங்கள் வீட்டு வரிசை முழுவதும் போய் இதைச் சொன்னேன். கழிவைப் புதைக்கப் போகிறார்கள் என்ற வதந்தியில் சிலர் அதற்குள் மூட்டை கட்டும் பேச்சே பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள்.

அடுத்த வருடம் மழைக்காலத்தில் நான் அந்தத் தவறைச் செய்தேன்.

மேடம், சேறு வெளிவரும் பழைய வாயில் எடுத்த ஒரு பெட்டிப் போத்தல்களோடு போர்ட் பிளேருக்குக் கிளம்பிவிட்டார்கள். அங்கே மரைன் ஹில்லில் ஒரு வாடகை அறை வைத்திருந்தார்கள். சுனாமி நிலநடுக்கத்துக்குப் பிறகு திறந்த புது வாயில் எடுத்த ஆறு போத்தலை மறுநாள் பஸ்ஸில் நான் அனுப்ப வேண்டும். மறுநாள் புயல். மூன்று நாள் ஃபெரி ஓடவில்லை. ஐஸ் உருகிவிட்டது. பெட்டியைத் திறந்து பார்த்தால் ரப்பர் வில்லைகள் தவளைத் தொண்டை போல உப்பி நிற்கின்றன. ஒரு மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்று. அழுகிய முட்டை நாற்றம்.

கெட்டுப்போய்விட்டது என்றுதான் ஒரு பால்வெட்டுகாரனுக்குத் தோன்றும். மழைநாளில் ரப்பர்ப் பால் திரிந்துவிடாமல் இருக்க நாங்கள் அமோனியா விடுவோம். அந்தப் போத்தல் எப்போதும் வீட்டில் இருக்கும். மூடி திறந்த ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டு விட்டு இறுக்கி மூடினேன். அவற்றின் வில்லைகள் பிறகு உப்பவில்லை. மேடத்தின் பொருளைக் காப்பாற்றிவிட்டேன் என்று மீசையைத் தடவிக்கொண்டு பஸ் ஏற்றினேன்.

இரண்டு மாதம் கழித்து மேடம் வந்தார்கள். முகமெல்லாம் சிரிப்பு. ராமாயி கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்க மறந்து பேசினார்கள்.

“அண்ணே, பழைய வாய்ல எடுத்த ஆணி எல்லாம் கருத்துப் போச்சு. புது வாய் ஆணிங்க அப்படியே பளபளன்னு இருக்கு! அவ்வளவு ஆழத்துச் சேத்துல உயிரே இல்லன்னு அர்த்தம். அமோனியா மட்டும் கொஞ்சம் தூக்கலா இருக்கு, அது இந்தச் சேத்தோட குணம்தான். சனிக்கிழமை பறக்கறேன். விஞ்ஞானிங்க கூட்டத்துல இதைத்தான் படிக்கப் போறேன். இதை நம்பி டப்பாவோட கனத்தைக் குறைச்சாலும் குறைப்பாங்க.”

அவர்கள் சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. அமோனியா என்ற ஒரு வார்த்தை புரிந்தது. மேடம் போர்ட் பிளேருக்குத் திரும்பும்வரை நான் ஒன்றும் சொல்லவில்லை.

“என்னாங்க, மூஞ்சி ஏன் இப்புடிக் கெடக்கு?” என்றாள் ராமாயி. சொன்னேன்.

“அட மனுசா! சேத்துக்குப் போயி மருந்து ஊத்துனீங்களா?” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “அந்தம்மா அங்கிட்டுப் போயிச் சொல்லிட்டா அப்புறம் யாரு அத மாத்துறது? நாளப்பின்ன எங்கயோ ஒரு ஊருல டப்பா ஓட்டையாச்சுன்னா? போயிச் சொல்லுங்க.”

“இனிமே என்னய நம்புவாங்களா, புள்ள?”

“கடலு உள்ள வந்தப்ப ஊரையே கத்தி மேட்டுக்கு ஏத்துன வாயிதானே இது? இப்ப பூட்டா போட்டிருக்கு?”

இரண்டு நாள் தயங்கிவிட்டு வெள்ளிக்கிழமை கிளம்பினேன். ஃபெரி முழுக்க டூரிஸ்ட் வண்டிகள். எங்கள் பஸ் ஏற இடமில்லை. பழங்குடிகள் வாழும் காட்டுவழியில் வண்டிகள் போலீஸ் காவலோடு குறித்த நேரத்தில் வரிசையாகத்தான் போக முடியும். காலை வரிசை போய்விட்டது. அடுத்ததற்கு மூன்று மணி நேரம். “சாச்சா, பைட்டோ, பைட்டோ” என்று கண்டக்டர் என்னை உட்காரச் சொல்லிக்கொண்டே இருந்தார். என்னால் உட்கார முடியவில்லை.

மரைன் ஹில் ஏறி நான் கதவைத் தட்டியபோது மணி ஐந்து. மேடம் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“என்ன முத்தண்ணே, இவ்வளவு தூரம்? வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்கல்ல?”

“மேடம், அந்தப் புது வாய்ப் போத்தல்ல நான் அமோனியா ஊத்திட்டேன். கெட்டுப்போகாம இருக்கட்டும்னு. பாலுக்கு ஊத்துற மாதிரி.”

மேடம் இரும்புப் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். கீழே துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதி ஓய்ந்தது. அவர்கள் கோபத்தை நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

“ஏன் அன்னைக்கே சொல்லல?”

“நல்லது செஞ்சோம்னு நெனச்சேங்க. செஞ்ச நல்லதப் போயி யாரு சொல்லிக்கிட்டுத் திரிவாங்க?”

“ஒரு துண்டுச் சீட்டுல எழுதி உள்ள போட்டிருக்கலாமே!”

“எழுதத் தெரியாதுங்க மேடம்.”

மேடம் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். கோபம் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. “இத்தனை நாள் கூட வேலை பாக்கறீங்க. நான் ஒரு தடவை கேக்கலையே,” என்றார்கள். பிறகு, “எத்தனை சொட்டு?”

“ரெண்டு.”

“ஆறுலயுமா?”

“அஞ்சுல. ஒண்ணுக்கு மூடி வரல. பல்லால கடிச்சுக்கூடப் பாத்தேன்.”

மேடம் எழுந்த வேகத்தில் அடுக்கிய துணிகள் சரிந்தன. அலமாரியின் அடித்தட்டில் தனியாகக் கிடந்த ஒரு போத்தலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்கள். மூடியின் ஓரத்தில் என் பல் தடம். உள்ளே ஆணி கரிபோலக் கருத்திருந்தது.

“அஞ்சு ஒரு மாதிரி, இது மட்டும் வேற மாதிரி. என் கை அழுக்கு ஏதோ பட்டுடுச்சுன்னு இதைக் கணக்குலயே சேக்கல. தள்ளி வெச்சதுதான் நெசம், அண்ணே! மத்த அஞ்சும் நீங்க மயக்க மருந்து குடுத்துத் தூங்க வெச்ச ஆளுங்க.” சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்கள். “பல்லால கடிச்சீங்களா? நல்லவேளை, ஜெயிக்கல!”

நானும் சிரித்தேன். காலையிலிருந்து நெஞ்சில் இருந்த கல் அந்த அறையிலேயே விழுந்துவிட்டது. எங்கள் இருவருக்கும் டீ போட்டார்கள். இந்த முறை மறக்காமல் குடித்தார்கள்.

சனிக்கிழமை போய்க் கூட்டத்தில், “என் போத்தல்களை எடுத்துச் சென்ற முறையில் தவறு, பொறுப்பு என்னுடையது, திரும்ப எடுத்துவிட்டுச் சொல்கிறேன்” என்றார்களாம். என் பெயரை எடுக்கவில்லை. ஒரே ஒரு போத்தலை வைத்து உயிர் இருக்கிறது என்றும் அவர்கள் சொல்லிவிடவில்லை. அடுத்த தடவை வந்து புது வாயில் பன்னிரண்டு போத்தல் எடுத்தோம். நானே கூடப் போய்ச் சேர்த்தேன். பன்னிரண்டு ஆணியும் கருத்தன. அதற்குப் பிறகுதான் அங்கே உயிர் இருக்கிறது என்று எழுதினார்கள்.

இன்னும் சில மாதம் போய் ஒருநாள் போன் வந்தது. “அண்ணே, உங்க அஞ்சு போத்தலும் கருக்க ஆரம்பிச்சாச்சு. மருந்தையும் தாங்கிக்கிட்டு எழுந்துட்டாங்க!” அன்று அவர்கள் சொன்ன ஒன்று எனக்கு மனப்பாடம். “உயிர் இல்லன்னு சொல்றது ரொம்பப் பெரிய சொல், அண்ணே. அதைச் சொல்றதுக்கு முன்னாடி நல்லாக் காத்திருக்கணும். நான் ரெண்டு மாசத்துல சொல்லப் பாத்தேன்.”

அதன் பிறகு பாராடாங் வரும்போதெல்லாம் முதல் கேள்வி, “முத்தண்ணே, எழுத்துப் படிக்க ஆரம்பிச்சாச்சா?” என்பதுதான். வெட்கத்தில் பல வருடம் தள்ளிப்போட்டேன். கடைசியில் கற்றுக்கொண்டு நான் எழுதிய முதல் கடிதம் அவர்களுக்குத்தான். நான்கு வரி. அப்போது படுக்கையில் இருந்தார்கள். உடனே போன் செய்தார்கள். குரல் மெலிந்திருந்தது.

“அன்னைக்கு நீங்க மலையேறி வரலைன்னா, என் பேர்ல ஒரு பொய் உலகத்துல சுத்திக்கிட்டிருக்கும். இப்ப இவ்வளவு நிம்மதியாப் படுத்திருக்க மாட்டேன், அண்ணே.”

அதுதான் அவர்களோடு நான் பேசிய கடைசிப் பேச்சு.

செய்தி வந்த மறுநாள் சேற்றுமேட்டுக்குப் போனேன். வேலிக்கு வெளியே ஒரு டூரிஸ்ட் குடும்பம் நின்றது. இவ்வளவு தூரம் ஏறி வந்த கோபத்தில் அப்பாக்காரர், “யஹாங் தோ குச் நஹீ ஹை” என்று மனைவியிடம் அலுத்துக்கொண்டார். ஒன்றும் இல்லையாம் இங்கே. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணிலும் நீர். “ஹை, சாப். தோடா ருக்கோ,” என்றேன். இருக்கிறது ஐயா, கொஞ்சம் பொறுங்கள்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். ஆனாலும் நின்றார். குழந்தைகளும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சாம்பல் நிறச் சேறு அசையாமல் கிடந்தது. வெகுநேரம் கழித்து நடுவில் மெல்லப் புடைத்து, ஒரு குமிழ் எழுந்து, பொட்டென்று உடைந்தது. குழந்தைகள் கைதட்டினார்கள்.

நன்றாக உறங்குங்கள், மேடம். சொல்ல வேண்டியதைச் சரியாகச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறீர்கள்.