முரளி விட்டுக்கொடுக்காத இடம்

இனியும் வாயை மூடிக்கொண்டிருப்பதாக இல்லை. முரளி காலமான செய்தி வந்த விதத்தையே முதலில் சொல்கிறேன். தமிழ்ச் சங்கச் செயலாளர் காலையில் என் பெஹாலா வீட்டுக்கு ஃபோன் செய்து, "சார், உங்களுக்கு அமெரிக்கா சீட்டை விட்டுக் குடுத்தாரே, அவர் போயிட்டார். ஹார்ட் அட்டாக்" என்றார். பெயர்கூடச் சொல்லவில்லை. தேவையும் இல்லை. லேக் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள கல்கத்தாத் தமிழர்களுக்கு இத்தனை வருடமாக அவன் கொடுத்தவன், நான் வாங்கிக்கொண்டவன்.

இரங்கல் கூட்டத்திலும் அதையே பேசினார்கள். அவன் எவ்வளவு நல்ல ஆசிரியன் என்று ஒருவரும் சொல்லவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவனை அறிந்தவர்கள் நடந்ததையும் அறிய வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஜாதவ்பூரில் ஒரே வகுப்பில் படித்தோம். மேற்படிப்புக்கு ஒரே அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தோம். பெரிய பெயர், பனி கொட்டும் ஊர். உதவித்தொகையோடு இடம் அவனுக்குக் கிடைத்தது. காத்திருப்புப் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. வெயில் அடிக்கும் தென்பக்கத்துச் சிற்றூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றும் அவனை அழைத்திருந்தது. எனக்கு வேறு எதுவும் இல்லை. ஏப்ரல் பதினைந்துக்குள் அவன் "வேண்டாம்" என்று எழுதினால்தான் எனக்கு வழி.

தினமும் கேட்பேன். அம்மாவுக்குத் தெரியாமல் எக் ரோல் தின்றுகொண்டே, "பாக்கலாம்டா" என்பான்.

பதினான்காம் தேதி அவன் வீட்டில் போய் நின்றேன். வருஷப் பிறப்பு. அவன் அம்மா பத்மா மாமி மாங்காய்ப் பச்சடி பரிமாறிக்கொண்டே, "நல்ல நாளும் அதுவுமா வேண்டாம்னு யாருக்கும் எழுதப்படாது. நாளைக்குப் பாத்துக்கோங்கோ" என்றார். எந்த ஊருக்கு எழுதப்போகிறான் என்று அவர் கேட்கவில்லை. பெரிய பெயரைத்தான் பிள்ளை எடுப்பான் என்று நம்பியிருந்தார். நாளை வங்காளிகளின் வருஷப் பிறப்பு என்பது எங்கள் மூவருக்குமே உறைக்கவில்லை.

மறுநாள் ஃபேக்ஸ் வைத்திருந்த கடைகளிலெல்லாம் பூஜை. "ஆஜ் காஜ் ஹொபே நா, தாதா. மிஷ்டி கேயே ஜான்." வேலை கிடையாது, இனிப்பு மட்டும் உண்டு. நான் தொடாமல் வைத்த சந்தேஷையும் முரளியே தின்றான். ஒருவழியாக, சாயங்காலம் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு கடைக்காரர் மனமிரங்கினார். சந்தனப் பொட்டு வைத்த மெஷினிலிருந்து மாலையைக் கழற்றிவிட்டு முரளி காகிதத்தை நுழைத்தான். தலைப்பில் பெரிய பெயர் இருந்தது. அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். நான் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னடா, அழறியா?"

"இல்ல."

"அப்ப சந்தேஷ் சாப்பிடு. ஒண்ணுதான் மிச்சம்."

அடுத்த வாரமே இடம் எனக்கு வந்தது. கூடவே அந்தக் கதையும் வந்தது: சிநேகிதனுக்காக விட்டுக்கொடுத்தான். நான் பட்டம் வாங்கியபோது அவனை வாழ்த்தினார்கள். அவன் கல்யாணத்தில் மாமி என் கையைப் பிடித்து இழுத்துப்போய்ச் சம்பந்தி வீட்டாரிடம், "இவன்தான் அந்தப் பையன்" என்றார். நான் அங்கே சாப்பிடவில்லை.

இருவரும் கல்கத்தாவுக்கே திரும்பிய பிறகு, ஒரு நவம்பர் மாலை, ஏரிக்கரையில் கேட்டேவிட்டேன். தலையில் மங்கி கேப், கழுத்தில் மஃப்ளர், அதன்மேல் ஒரு சால்வை. அந்தக் கோலத்தில் இருந்தான்.

"நான் கேக்கவே இல்லையேடா. எதுக்கு எனக்குக் குடுத்தே?"

இருமல் வரும்வரை சிரித்தான். "உனக்கா? எவன்டா உனக்குக் குடுத்தான்? பனின்னாலே எனக்கு மூச்சு முட்டும். இந்தக் குளிருக்கே இந்த வேஷம். அங்கே போயிருந்தா முதல் டிசம்பர்லயே என்னைப் பொட்டலம் கட்டி அனுப்பியிருப்பா."

"அப்ப அம்மாகிட்ட ஏன் எனக்காக விட்டேன்னு சொன்னே?"

"மூச்சு முட்டறதுன்னு சொன்னா எங்கேயுமே அனுப்பியிருக்க மாட்டா. அதான் உன் பேரைச் சொன்னேன். நீ இளிச்சவாயன், தாங்கிப்பேன்னு நெனச்சேன்." பிறகு, "அவகிட்ட சொல்லித் தொலைக்காதே. மார்க்கெட்ல அதைப் பேசிண்டுதான் நடமாடறா" என்றான்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். இளிச்சவாயன் என்றதையும் மறக்கவில்லை. ஆனால் அன்று பெஹாலா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தபோது, அத்தனை வருடமும் அடைத்துக்கொண்டிருந்த மூச்சு எனக்குச் சீராக வந்தது. யாருடைய தியாகத்திலும் நான் படிக்கவில்லை. அவன் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டான். மீதியிருந்ததற்கு நான் தகுதியோடு காத்திருந்தேன்.

அவனைத் தியாகி என்று சொல்லாதீர்கள். குளிருக்குப் பயந்த, தித்திப்புக்கு அலைந்த, கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுகிற ஒருவன் அவன். அவனிடமிருந்து நான் வாங்கிக்கொண்டது மங்கி கேப்புக்குள்ளிருந்து வந்த அந்தச் சிரிப்பு ஒன்றைத்தான். அதை வைத்துக்கொள்கிறேன்.

இதை அனுப்பும் சங்க மலரைப் பத்மா மாமி விளம்பரம்கூட விடாமல் படிப்பார். இதை எழுதியது யாரென்று நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள்; பரவாயில்லை. ஆனால் நாளை மார்க்கெட்டில் அவர் என்னை நிறுத்தி, "நீயாடா எழுதினே?" என்று கேட்டால், "இல்லை மாமி, எவனோ பொறாமை பிடிச்சவன்" என்று சொல்ல எனக்கு ஒரு வழி வேண்டும். அதனால் பெயர் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.