வெள்ளிக்கிழமை கரண்ட் கட்

எங்கள் கம்பெனியின் மெயின் ஸ்விட்ச் பெட்டியில் ஒரு சிவப்புக் கைப்பிடி இருக்கிறது. பெட்டியில் மற்றதெல்லாம் நேற்று வாங்கியது போல மினுங்கும். கைப்பிடியில் மட்டும் கட்டைவிரல் படுகிற இடத்தில் சாயம் போய்விட்டது. ஆபத்துக்கு மட்டும் தொட வேண்டிய பொருளைத் தேய்கிற அளவுக்குத் தொட்டவர் எங்கள் மெயின்டனன்ஸ் மேடம். வாரா வாரம் வெள்ளிக்கிழமை, நல்ல வேலை நேரத்தில், வெளியிலிருந்து வரும் கரண்டை அவரே நிறுத்துவார். ஊரில் கரண்ட் போனால் ஈபிகாரர்களைத் திட்டுவார்கள். எங்கள் ஷெட்டில் மேடத்தைத் திட்டுவார்கள்.

நான் அப்போது பெயின்ட் ரூமில் இருந்தேன். சங்கரன்கோவில் பக்கம் ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு ஒரகடத்துக்கு வேலைக்கு வந்த என்னிடம், பொம்பளைப் பிள்ளைக்கு ஒயரிங் எதற்கு என்று சொல்லி ஸ்ப்ரே துப்பாக்கியைக் கொடுத்தார்கள். அந்த வயிற்றெரிச்சல் தனிக் கதை. கார் பாகங்களுக்குச் சாயம் அடிக்கிற அந்த அறைக்குள் தூசி வரக்கூடாது என்று எப்போதும் இறுக்க மூடியிருப்பார்கள். தின்னர் நெடியை வெளியே இழுக்க மேலே பெரிய ஃபேன்கள் உண்டு. அவை சுற்றுகிற வரைக்கும்தான் அது மனுஷர் நிற்கிற இடம். ஒருமுறை கரண்ட் போய், ஜெனரேட்டரும் சண்டித்தனம் பண்ணியபோது, கதவுக்குப் போகிற வழியிலேயே நான் மூச்சுமுட்டி விழுந்தேன். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் மறுபடி உள்ளே போய் டார்கெட்டை முடிக்கச் சொன்னார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் தீரவில்லை.

அதற்குப் பிறகுதான் ஜெனரேட்டரைத் தூக்கிவிட்டார்கள்; கூரை முழுக்க சோலார் பேனலும், ஷெட்டுக்குப் பின்னால் லாரிப் பெட்டி அளவுக்கு பேட்டரியும் வந்தன. பூசணிக்காய் உடைத்து, சூடம் காட்டி, இனி ஃபேன் நிற்கிற பேச்சே இல்லை என்று பிளான்ட் ஹெட் மைக்கில் சொன்னார். வாசலில் ஒரு திரை மாட்டினார்கள். பேட்டரியில் நூற்றுக்கு எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று அது காட்டும். எப்போது பார்த்தாலும் நூறு. வருகிறவர் போகிறவரை எல்லாம் அதன் முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள்.

மேடம் மட்டும் அந்த நூறை நம்பவில்லை. வாலாஜாபாத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவார், ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேட்டரி பக்கம் போய் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வருகைக் கார்டைப் பஞ்ச் பண்ணுவார். அவர் எனக்கு எதையும் கற்றுக்கொடுத்தவர் இல்லை. என் பெயர் அவருக்குத் தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம். சிரித்துப் பேசுகிற ஆளும் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் பெயின்ட் ரூம் கண்ணாடியைத் தட்டி, எங்கள் எல்லோரையும் வெளியே வரவைத்து, உள்ளே யாரும் இல்லை என்று தானே பார்த்துவிட்டுத்தான் கைப்பிடியை இறக்குவார். பேட்டரி ஃபேன்களைச் சுற்ற வைக்கிறதா என்று நின்று பார்ப்பார். டார்கெட் போகிறதே என்று சூப்பர்வைசர் வாரா வாரம் தலையில் அடித்துக்கொள்வார். மேடத்தின் பதிலும் வாரா வாரம் ஒன்றுதான். "சும்மா குந்திகினு இருக்கும்போது பேட்டரி நூறுன்னுதான் காட்டும். வேலை குடுத்தாதானே தெரியும்?"

ஒரு வெள்ளிக்கிழமை ஃபேன்கள் தயங்கித் தயங்கிச் சுற்றின. பேட்டரிக்குள் பெட்டிகளை வரிசையாகக் கோத்திருப்பார்கள். வரிசையில் ஒன்று நோஞ்சானாக இருந்தால் போதும், பாரம் ஏறும்போது மொத்த வரிசையும் படுத்துவிடும். திறந்து பார்க்க வேண்டும் என்றார் மேடம். பேட்டரி கொடுத்தவர்கள் எங்கிருந்தோ போனில், திரையில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார்கள். வெளிநாட்டு கஸ்டமர்கள் வந்து போகட்டும், அப்புறம் பார்க்கலாம், அதுவரை ஸ்விட்ச் பக்கம் யாரும் போகக்கூடாது என்று பிளான்ட் ஹெட் உத்தரவு போட்டார். கஸ்டமர்கள் வருகிற நாளும் வெள்ளிக்கிழமைதான்.

அன்றைக்கும் கண்ணாடியைத் தட்டுகிற சத்தம் கேட்டது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வெளியே வந்தோம். மேடம் உள்ளே எட்டிப் பார்த்தார், நேராக ஸ்விட்ச் பெட்டிக்குப் போனார், கைப்பிடியை இறக்கினார். ஓடுகிற ஷெட் நின்றால் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். நாங்கள் ஃபேனைப் பார்த்தோம். அது அசையவில்லை. கூரைக்கு மேலே வெயில் கொளுத்துகிறது, அத்தனை பேனலும் காய்கிறது, கீழே இருட்டு. வெளிக் கரண்ட் நின்றால் சோலாரும் நின்றுவிடும், பேட்டரி தாங்கிப் பிடித்தால்தான் அது திரும்ப வரும் என்பது எங்களுக்கே அன்றுதான் உறைத்தது. கஸ்டமர்கள் செல்போன் வெளிச்சத்தில் தரையைப் பார்த்து நடந்தார்கள்.

பிளான்ட் ஹெட் ஓடிவந்தார். அத்தனை பேர் முன்னாலும், கம்பெனி மானத்தை வாங்கிவிட்டீர்களே என்று கத்தினார். மேடம் குரலை உயர்த்தவில்லை. "ஆளுங்கள வெளிய அனுப்சிட்டுதான் சார் நான் நிறுத்துனேன். கரண்ட் தானா போவும்போது, ஆளுங்கள வெளிய அனுப்சிட்டா போவும்?"

கைப்பிடியை ஏற்றியதும் வெளிக் கரண்ட் வந்தது. சூப்பர்வைசர் எங்களை உள்ளே போகச் சொன்னார். நான் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தேன். எங்கிருந்து தைரியம் வந்தது என்று கேட்காதீர்கள். விழுந்தவளுக்கு ஞாபகம் போதும். என் பக்கத்தில் இன்னொருத்தி உட்கார்ந்தாள், பிறகு எல்லோரும். கரண்ட்தான் வந்துவிட்டதே என்று சூப்பர்வைசர் கெஞ்சினார், இனி ஓவர்டைம் கிடையாது என்றார், கேட்டுக்கு வெளியே அனுப்பிவிடுவேன் என்றார். "பேட்டரியில ஃபேன் சுத்தட்டும் சார், நாங்க போறோம்" என்றேன். அன்றைக்கு முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

போனிலேயே வைத்தியம் பார்த்தவர்கள் மறுநாள் நேரில் வந்தார்கள். திறந்தால், ஒரு வரிசையில் ஒரு பெட்டி வயிறு ஊதிக் கிடந்தது. மாற்றினார்கள். மேடம் கைப்பிடியை இறக்கினார், ஃபேன் சுற்றியது, நாங்கள் உள்ளே போனோம். அப்படியும் மேடத்திடம் மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். தப்பு கண்டுபிடித்ததற்கு எதற்கு மன்னிப்பு என்று கேட்டுவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. இப்போது மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் இருக்கிறாராம். அங்கேயும் வெள்ளிக்கிழமை வந்தால் எல்லோரும் திட்டுகிறார்களாம். கேட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அவரை அனுப்ப முடிந்தது, வெள்ளிக்கிழமையை அனுப்ப முடியவில்லை. ஃபேன் சோதனை இல்லாமல் பெயின்ட் ரூமுக்குள் யாரும் கால் வைக்க மாட்டோம் என்றோம், வைக்கவும் இல்லை. மெயின்டனன்ஸுக்கு மாற்றச் சொல்லி நானும் விடாமல் கேட்டேன். என் தொல்லை தாங்காமல்தான் கொடுத்தார்கள் என்று இப்போதும் சொல்கிறார்கள். சொல்லட்டும். கைப்பிடி இன்று என் பொறுப்பு.

போன மாதம் புது மேனேஜர் வந்திருக்கிறார். பேட்டரியும் புதிது, முன்னதைவிடப் பெரிது. எல்லாம் செல்போனிலேயே தெரிகிறது, இந்தப் பழைய வழக்கம் எதற்கு என்றார். சென்ற வெள்ளிக்கிழமை நான் கண்ணாடியைத் தட்டி, பெயின்ட் ரூம் பிள்ளைகளை வெளியே வரச்சொல்லி, உள்ளே பார்த்துவிட்டு வந்தபோது ஸ்விட்ச் பெட்டிக்கு முன்னால் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். செல்போனைத் திருப்பிக் காட்டினார். நூறு.

"யாரு உங்களுக்கு பர்மிஷன் குடுத்தது?"

"அந்த ரூம்ல விழுந்தவ நான், சார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றார். சாயம் போன இடத்தில் கட்டைவிரலை வைத்துக் கைப்பிடியை இறக்கினேன். ஷெட் அடங்கியது. வெளியே நின்ற பிள்ளைகளில் ஒருத்தியும் மேனேஜரைப் பார்க்கவில்லை. எல்லோரும் கண்ணாடி வழியே மேலே ஃபேனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபேன் சுற்றியது.