உறை பிரிக்காத பிரதி

பெற்றோர் வைத்த பெயர் வேறு என்றாலும், அவரிடம் வாங்குகிறவர்கள், அவருக்கு விற்கிறவர்கள், பொதி எடுக்க வரும் கூரியர்க்காரர் என்று எல்லோருக்கும் அவர் பெட்டியார்தான். கண்ணாடி விற்கும் பெரிய கடை ஒன்றில், சரக்கு அனுப்பும் பிரிவில் பதினெட்டு வருடங்களாக இருக்கிறார். ஆளுயர நிலைக்கண்ணாடியை அட்டையும் பஞ்சும் வைத்துக் கட்டி, மேடு பள்ளம் பார்க்காமல் ஓடும் லாரியில் ஏற்றி, போய்ச் சேர்கிற இடத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல் இறங்க வைப்பது அவர் வேலை. அந்தக் கைராசிதான் அவருக்கு இன்னொரு தொழிலையும் பிடித்துக் கொடுத்தது.

சித்திரக்கதை வரைகிறவர்கள் அச்சில் வருவதைவிடப் பெரிய தாளில்தான் வரைவார்கள். பிறகு அதைச் சுருக்கி அச்சடிப்பார்கள். சில பதிப்பாளர்கள் அந்த மூலத்தாள்களை அப்படியே படமெடுத்து, அதே அளவில், பென்சில் கோடு, வெள்ளை மை பூசித் திருத்திய இடம், ஒட்டுப்போட்ட தாள் எல்லாம் தெரிகிற மாதிரி பெரிய புத்தகமாகப் போடுவதுண்டு. விரித்தால் கட்டிலில் பாதி இடம் பிடிக்கும். முந்நூறோ ஐந்நூறோ அடித்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். கடையில் தீர்ந்த பிறகுதான் பெட்டியாருக்கு வேலை. முன்பதிவிலேயே நாலைந்து வாங்கிப் போட்டிருப்பார். ஒரு வருடமோ இரண்டு வருடமோ பொறுத்து, இல்லாமல் தவிக்கிறவர்களுக்கு விற்பார்.

ஆரம்பத்தில் ஆசைக்காக வாங்கினவர்தான். சின்ன வயதில் காமிக்ஸ் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவருக்கு. முதல் பெரிய புத்தகம் கைக்கு வந்த அன்று, அதைப் பிரிப்பதற்கு முன்பே ஒருவர் இரட்டிப்பு விலைக்குக் கேட்டார். கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ வந்து போயின. ஒன்றைக்கூட அவர் பிரித்துப் பார்த்ததில்லை. பிளாஸ்டிக் உறை கிழியாமல் இருந்தால்தான் முழு விலை.

மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. நிறுத்தி வைத்தால் தாள்களின் கனத்தில் தையல் விட்டுப்போகும் என்று எல்லாவற்றையும் படுக்க வைத்திருந்தார். கட்டிலுக்கடியில் புத்தகம், பரணில் புத்தகம், அலமாரியின் தலையில் புத்தகம். அவர் மனைவிக்குப் பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை. வாயைத் திற என்று சொன்னால் முன்பின் தெரியாதவர்கூடத் திறந்து காட்டிவிடுகிறார், இந்த மனிதர் ஒரு புத்தகத்தைத் திறந்து காட்ட மாட்டேன் என்கிறாரே என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். பெட்டியாரும் கூடவே சிரிப்பார்.

அந்த வருடம் லாரி ஓட்டுநர் ஒருவனின் சாகசத் தொடர் ஒன்று பெரிய புத்தகமாக வந்தது. பழைய தொடர். வரைந்தவர் காலமாகி, வீட்டார் டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது தாள்கள் கிடைத்தன என்று முன்னுரையில் போட்டிருப்பதாகப் பேச்சு. பெட்டியார் ஐந்து வாங்கினார். இரண்டு உடனே போய்விட்டன. மூன்று கையில் இருந்தபோது ஒரு விடுமுறை நாள் பிற்பகல் அந்த அழைப்பு வந்தது. வயதான பெண் குரல்.

"தம்பி, பெரிய புத்தகம் விக்கறவர் நீங்கதானே? அந்த லாரிக்காரன் கதைக்கு எழுதினது நான்தான்."

கதாசிரியர் என்று நினைத்து பெட்டியார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். அந்த அம்மா திருத்தினார். கதை அவருடையதில்லை, கையெழுத்துதான் அவருடையது. பேசுகிறவர்கள் வாய்க்கு மேலே வருகிற குமிழிக்குள் இருக்கும் எழுத்து முழுவதும் அவர் கையால் எழுதியது. பதினோரு வருடம் எழுதினாராம். எழுதி முடித்த தாள் அன்றன்றே அச்சுக்குப் போய், அங்கிருந்து வரைந்தவர் வீட்டுக்குப் போய்விடும். அவர் பெயரை எங்கும் போட்டதில்லை. போடுகிற வழக்கமும் அப்போது இல்லை.

"வாங்கற வசதி எனக்கு இல்ல தம்பி. ஒரே ஒரு தடவ பாத்தா போதும். நான் கைகூட வெக்க மாட்டேன். நீங்களே புரட்டுங்க, நான் பாத்துக்கறேன்."

வாருங்கள் என்ற சொல் பெட்டியாரின் நாக்கு நுனிவரை வந்தது. அதே நேரத்தில் கண் பரணுக்கும் போயிற்று. எல்லாம் உறையோடு இருக்கிறது, பிரித்த பிரதி ஏதாவது வந்தால் நானே கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்தார். சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்று தனக்குத்தானே இரண்டு முறை சொல்லிக்கொண்டார். பொய் இல்லாவிட்டால் இரண்டாவது முறை எதற்கு என்று அப்போது தோன்றவில்லை.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னார். ஒன்றைப் பிரித்துக் காட்டிவிட்டால்தான் என்ன என்று அவர் கேட்டார்.

"பிரிக்காத வரைக்கும்தான் அது சரக்கு. பிரிச்சா வெறும் புத்தகம்" என்றார் பெட்டியார்.

"புத்தகம்னுதானே அந்தம்மா கேக்கறாங்க" என்று சொல்லிவிட்டு மனைவி உள்ளே போய்விட்டார்.

பதினைந்து நாள் கழித்து இரண்டாவது அழைப்பு. அவசரமில்லை, சும்மா ஞாபகப்படுத்தத்தான் கூப்பிட்டேன் என்றார் அந்த அம்மா. அதற்கு ஒரு மாதத்துக்குப் பிறகு மூன்றாவது. கண் டாக்டரிடம் போயிருந்தாராம். கிட்டத்தில் பார்ப்பதற்கென்றே புதுக் கண்ணாடி எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள் என்றார் பெட்டியார். "சரி தம்பி, உங்க சௌகரியம்" என்று அந்த அம்மா வைத்துவிட்டார். அதன்பின் கூப்பிடவில்லை.

மூன்றில் இரண்டு விற்றாயிற்று. கடைசிப் பிரதியைக் கடல் கடந்த ஊரில் இருக்கும் ஒருவர் கேட்டார். அதைக் கட்டுகிற அன்று அந்த அம்மாவின் ஞாபகம் வரத்தான் செய்தது. கையில் டேப் அறுக்கும் கத்தி இருந்தது. புத்தகம் மடியில் இருந்தது. கத்தி முனையை உறையின் ஓரத்தில் வைத்தால் ஒரு நொடி வேலை. பெட்டியார் டேப்பைத்தான் அறுத்தார். நாலு மூலைக்கும் தடுப்பு வைத்து, இரட்டை அட்டை போட்டு, குலுக்கிப் பார்த்து, உள்ளே எதுவும் அசையவில்லை என்றதும் வழக்கம்போல் கொஞ்சம் பெருமைகூடப் பட்டுக்கொண்டார்.

ஐந்து மாதத்தில் அது திரும்பி வந்தது. பொதியில் குறையில்லை. பைண்டிங்கில்தான் கோளாறு. நடுவில் எட்டுப் பக்கம் தலைகீழாகத் தைக்கப்பட்டிருந்தது. வாங்கியவர் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். மாற்றுப் பிரதி பதிப்பாளரிடமும் இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெட்டியார் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். வீட்டில் அதை விரிக்கிற அளவுக்கு மேசை கிடையாது.

இத்தனை வருடத்தில் முதல்முறையாக அப்படி ஒரு புத்தகத்தைப் புரட்டினார். குமிழிகளில் இருந்த எழுத்து அச்செழுத்தோ என்று ஏமாறும்படி ஒரே சீராக இருந்தது. ஆனால் குனிந்து பார்த்தால் தெரிந்தது, பேனா ஊன்றின இடமும் தூக்கின இடமும். ஓரத்து வெள்ளையில் நீலப் பென்சிலால் பொடி எழுத்தில் குறிப்புகள் இருந்தன. அந்தக் கால அச்சில் விழாத நீலம், மூலத்தாளைப் படமெடுத்த இந்தப் புத்தகத்தில் விழுந்திருந்தது. 'குமிழி சின்னது, வசனம் பெரியது. உடனடியாக என்பதை உடனே என்று ஆக்கியிருக்கிறேன், பார்க்கவும்.' இன்னொன்றில், 'எழுத்து லாரிச் சக்கரத்தின் மேல் விழுகிறது, இடப்பக்கம் தள்ளலாமா?' அதற்குக் கீழே வரைந்தவரின் தடித்த பென்சிலில் 'சரி.' ஒரு பக்கத்தில் பாதிக்கு மேல் எழுத்தின் மை வேறாக இருந்தது, அந்த இடத்து ஓரத்தில் இப்படி இருந்தது: 'அம்மாவுக்குக் காய்ச்சல். மீதி மூன்று கட்டம் நாளை.'

பெட்டியார் அதை நாலைந்து முறை படித்தார். பிறகு போனை எடுத்தார்.

எடுத்தது அந்த அம்மாவின் தங்கை. அக்கா இறந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது, தூக்கத்திலேயே போய்விட்டார் என்று நிதானமாகச் சொன்னார். பெட்டியார் ஏதோ உளறிக்கொட்டி, ஒரு புத்தகம் காட்ட வேண்டியிருக்கிறது என்று மட்டும் சொன்னார். கொண்டுவாங்களேன் என்றார் தங்கை.

மறுநாள் லீவு போட்டார். இரண்டு பஸ் மாறிப் போகிற வழியெல்லாம், புத்தகத்தை அங்கேயே கொடுத்துவிட்டு வருவது என்று முடிவு செய்திருந்தார். சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பின்னால், தரைத்தளத்தில் ஒற்றை அறை. இரண்டு கட்டில், ஒரு மேசை, ஒரு இரும்பு அலமாரி. தங்கைக்கும் எழுபது இருக்கும். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"அது வந்துடும் வந்துடும்னு சொல்லிட்டிருந்தா. கண்ணாடிகூடப் புதுசா போட்டா. நானே அத கட்டிலுக்கு மேல தேடி எடுத்துக் குடுப்பேன், 'இது எதுக்கு இப்ப, புத்தகம் வரட்டும்'னு சொல்லிடுவா" என்றார் தங்கை. குறை சொல்கிற தொனி அதில் துளியும் இல்லை. இருந்திருந்தால் பெட்டியாருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கட்டிலில் புத்தகத்தை விரித்தார்கள். தங்கை விரலை நாக்கில் தொட்டுப் புரட்டினார். பெட்டியார் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். காய்ச்சல் குறிப்பு வந்ததும் தங்கை நிறுத்தினார். தாளின் மூலையில் இருந்த தேதி முத்திரையைக் கண்ணருகே குனிந்து பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

"அம்மாவுக்குக் காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. அடுத்த நாள் எனக்குக் கடைசிப் பரீட்சை. பயந்துபோய் அழுதுட்டு இருந்தேன். பக்கத்துல உக்காரணும்னு பொய் சொல்லிட்டு வந்திருக்கா. இத்தன வருஷமா எனக்கே தெரியாது."

அந்தத் தாளின் மேல் உள்ளங்கையை வைத்தார். இதுதான் சமயம் என்று, புத்தகத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார் பெட்டியார். தங்கை அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

"இவ்வளவு பெரிசை எங்க வெக்கறது தம்பி? எனக்குக் காமிக்ஸும் புரியாது. இந்த ஒரு தாளை மட்டும் எடுத்துக் குடுக்கறீங்களா?"

முழுசாகக் கொடுக்க வந்தவருக்கு ஒரு தாளை அறுக்கக் கை வரவில்லை. தலைகீழ்ப் பக்கங்களோடு எப்படியும் விலைபோகாத புத்தகம். ஏற்கெனவே தானம் என்று வாய்விட்டுச் சொன்ன புத்தகம். அறுத்தால் தையல் போய்விடும், இதே அளவில் நல்லதாக நகல் எடுத்து அனுப்புகிறேன் என்றார்.

"சரி தம்பி, அப்படியே செய்யுங்க" என்று தங்கை உடனே கையை எடுத்துக்கொண்டார். போனில் அந்த அம்மா பேசிய அதே குரலோ என்று பெட்டியாருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

வீட்டுக்கு வந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். மனைவி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும் சொன்னார்:

"ரெண்டு பேரும் உங்ககிட்ட ரொம்ப சின்னதாத்தாங்க கேட்டிருக்காங்க."

பெட்டியார் அன்று சாப்பிடவில்லை. அடுத்த நாளும் புத்தகத்தைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே மனைவியைக் கூப்பிட்டார். மனைவி இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்துக்கொள்ள, தையலை ஒட்டிக் கத்தியை இழுத்தார். முதல் இழுப்பில் ஓரம் கொஞ்சம் கோணிவிட்டது. கண்ணாடி கட்டிய கையில் அப்படி ஒரு கோணல் அதுவரை விழுந்ததில்லை.

அன்றே கொண்டுபோய்க் கொடுத்தார். தங்கை அதிசயப்படவும் இல்லை, நன்றி நன்றி என்று அடுக்கவும் இல்லை. அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டித் தரச் சொன்னார். பெட்டியார் நாலு மூலைக்கும் டேப் போட்டு ஒட்டினார். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வார்த்தைகளை வழியிலேயே கோத்து வைத்திருந்தார். தங்கை அதற்கு இடம் கொடுக்காமல் பஸ் கிடைத்ததா, வெயில் எப்படி என்று பேசிக்கொண்டு போனார். பிறகு திடீரென்று கேட்டார்.

"அக்கா உங்ககிட்ட மூணு தடவ பேசினாளே, என்னவெல்லாம் பேசினா? வீட்டுல அவ ரொம்பப் பேச மாட்டா. வெளியாள்கிட்ட எப்படிப் பேசுவான்னு தெரிஞ்சுக்க ஆசை."

பெட்டியார் யோசித்தார். முதல் முறை போக, அடுத்த இரண்டு முறையும் அவர் கையில் ஏதோ ஒரு பொதி இருந்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, எப்போது வைப்பார் என்று காத்துக்கொண்டே ம் கொட்டியிருக்கிறார். இரண்டாவது முறை அந்த அம்மா எதையோ கொஞ்ச நேரம் நீளமாகச் சொன்னார். பழைய அச்சகத்தைப் பற்றியா, வரைந்தவரைப் பற்றியா? எவ்வளவு துழாவினாலும் ஒரு வார்த்தை அகப்படவில்லை.

"பொறுமையா பேசுவாங்கம்மா" என்றார்.

"அவ அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, இன்னும் ஏதாவது வரும் என்று தங்கை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.