இந்திரகுமார் விழுந்த நேரம்

ஜீவராணி யாருக்கும் நேரம் சொல்லமாட்டாள். கஹவத்தைக்கு மேலே இருக்கும் அந்த றப்பர் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. "மணி என்னாக்கா?" என்று கேட்டால், "நீயே பாத்துக்க" என்று கடிகாரம் மாட்டியிருக்கும் பக்கம் கையைக் காட்டிவிட்டுப் போய்விடுவாள். புதிதாக வந்தவர்கள் அதைத் தலைக்கனம் என்பார்கள். விஷயம் தெரிந்தவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள்.

அந்தப் பக்கத்தில் ஒருவன் மரத்திலிருந்து விழுந்தால், முதலில் அவனைத் தூக்கமாட்டார்கள்; கடிகாரத்தைப் பார்ப்பார்கள். கஹவத்தைக் கடைத்தெருவில் மருந்துக் கடை வைத்திருந்த நல்லையா வைத்தியர் பழக்கிவிட்ட பழக்கம். முறிந்த கையோடு போய் நின்றால் கையைப் பார்க்கமாட்டார். "அடிபட்ட நேரம் சொல்லு" என்பார். பஞ்சாங்கத்தைப் புரட்டி, அந்த நேரத்தில் எந்தக் கிரகத்தின் ஓரை நடந்தது என்று விரல்விட்டுப் பார்த்த பிறகுதான் எண்ணெய்ப் போத்தலைத் திறப்பார். நல்ல ஓரையில் பட்ட அடி தானாக ஆறும். கெட்ட ஓரையில் பட்டிருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. அவ்வளவுதான் அவருடைய வைத்திய சாஸ்திரம். எலும்பை வைத்துக் கட்டுவதில் கெட்டிக்காரர் என்பதால் சிங்கள ஆட்களும் 'வெத மாத்தயா' என்று தேடி வந்தார்கள்.

தொண்ணூற்றாறில் அரசாங்கம் நாட்டுக் கடிகாரத்தையே முன்னுக்குத் தள்ளி வைத்தது. முதலில் ஒரு மணி நேரம், சில மாதத்தில் அது அரை மணியாக இறங்கியது. ரேடியோவும் பஸ்ஸும் தோட்டத்து ஆபீசும் புது நேரத்தில் ஓடின; கோயிலும் பௌத்த பன்சலையும் பழைய நேரத்தை விடவில்லை. சூரியன் என்ன கடிகாரத்தைக் கேட்டா உதிக்கிறது? ஓரை பார்க்கிறவர்கள், சொன்ன நேரத்தில் அரை மணியைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும்.

அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜீவராணியின் புருஷன் இந்திரகுமார் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் இருந்த பலாமரத்தில் காய் பறிக்க ஏறினான். கொப்பு முறிந்து கல்லின் மேல் விழுந்தான். ஒரு கை முறிந்து தொங்கியது. மற்றக் கையால் விலாவுக்குக் கீழே அழுத்திக்கொண்டு முனகினான். ஜீவராணி எல்லாரும் செய்வதைத்தான் செய்தாள். புருஷனை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடி நேரம் பார்த்தாள். பதினொன்றே கால்.

வாடகைக்கு ஓடிய ஸம்சுதீனின் வேனில் கடைத்தெருவுக்குக் கொண்டு போனார்கள். வைத்தியர் நேரம் கேட்டார். அவள் சொன்னாள். என்ன வார்த்தையில் சொன்னாள் என்பது பிறகு அவளுக்கே நினைவுக்கு வரவில்லை. அழுகையும் பதற்றமுமாக நின்றவளுக்கு எப்படி நினைவிருக்கும்?

"குரு ஓரை" என்றார் நல்லையா, முகம் மலர்ந்து. "பயப்படாதம்மா. கைய நான் கட்டிவுடுறேன். வயித்துல சும்மா ஊமை அடி, எண்ணெய் போட்டா எறங்கிரும்."

திரும்பும் வழியில் வேன் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போது, இந்திரகுமார் கண்ணைத் திறந்து கேட்டான். "ராணி, ஒருக்கா உள்ள போய்க் காட்டிட்டுப் போவமா? வயிறு என்னமோ செய்யிது."

"அதான் வைத்தியரு நல்ல ஓரைன்னு சொல்லிட்டாரே. சும்மா பயந்துக்கிட்டு கெடக்காதீங்க."

வேன் நிற்கவில்லை. மறுநாள் காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்பு அடிப்பதற்கு முன்னாலேயே அவன் போய்விட்டான். வயிறு பானை மாதிரி வீங்கியிருந்தது. மகள் சுஜீதாவுக்கு அப்போது நாலு வயது.

சாவு வீட்டுக்கு நல்லையா வந்தார். மாலையைப் போட்டுவிட்டு, எல்லாரும் கேட்கும்படி ஜீவராணியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீ சொன்னது புது நேரமாம்மா?"

"ஆமாங்க."

"அப்பிடின்னா அது சனி ஓரையாச்சே" என்று தலையை ஆட்டினார். "மொதல்லயே தெரிஞ்சிருந்தா நானே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேனே." சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவ்வளவுதான், பழி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. "நேரத்த ஒழுங்காச் சொல்லத் தெரியாம எந்தம்பிய முழுங்கிட்டியே" என்று இந்திரகுமாரின் அக்கா புஷ்பம் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். ஜீவராணியும் அதையேதான் நம்பினாள். வேனில் அவன் கேட்டதையும், தான் சொன்ன பதிலையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. றப்பர் பால் வெட்டும்போதும் சோறு வடிக்கும்போதும் அந்தப் பேச்சு மட்டும் காதை விட்டுப் போகவில்லை.

அன்றிலிருந்துதான் நேரம் சொல்வது நின்றது. சுஜீதா பெரியபிள்ளையானபோது நேரம் குறிக்க வேண்டுமென்று எல்லாரும் பரபரத்தார்கள். பெற்ற தாய் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்கு ஓடிப்போய் நின்றுகொண்டாள். புஷ்பம்தான் உள்ளே போய்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

இரண்டாயிரத்தாறு சித்திரை வருஷப் பிறப்போடு அரசாங்கம் பழைய நேரத்தையே திருப்பிக் கொண்டுவந்தது. சுஜீதா ஸ்டூலில் ஏறி முள்ளைப் பின்னுக்குத் தள்ளினாள். "அம்மா, போன அரை மணி திரும்பி வந்திருச்சி!" என்று சிரித்தாள். ஜீவராணி அடுப்படியில் குந்தி அழுதாள். ஊருக்கெல்லாம் திருப்பிக் கொடுத்தவர்கள் தனக்கு மட்டும் கொடுக்கவில்லையே என்று இருந்தது.

மறுநாள் கஹவத்தைக்குப் போனாள். நல்லையாவுக்குக் கண் மங்கியிருந்தது. குரலை வைத்துத்தான் ஆளைத் தெரிந்துகொண்டார்.

"ஒண்ணு மட்டும் கேக்கணுங்க" என்றாள். "அன்னைக்கு நான் நேரத்த எப்பிடிச் சொன்னேன்? எனக்கு ஞாபகமே இல்ல."

நல்லையா கெட்டவர் இல்லை. அதுதான் இந்தக் கதையைச் சொல்கிற எனக்கு ஆத்திரம். கெட்டவராக இருந்தால் அப்போதும் மழுப்பியிருப்பார். அவர் உள்ளதைச் சொல்லிவிட்டார்.

"புது நேரத்துக்குப் பதினொண்ணே கால்னு தெளிவாத்தான்மா சொன்ன. நான்தான் கழிக்க மறந்துட்டேன். சாவு வீட்டுல அத்தன பேரு முன்னால சொல்ல எனக்கு வாய் வரல. நீயும் அதுக்கப்பறம் கேக்கவே இல்ல."

ஜீவராணி அவரைத் திட்டவில்லை. கேட்க வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது.

"அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தா பொழச்சிருப்பாராங்க?"

"அத டாக்டருதான்மா சொல்லணும்" என்றார் நல்லையா.

இந்த ஒரு வார்த்தையை அந்த மனுஷன் அன்றைக்குச் சொல்லியிருக்கக் கூடாதா!

பஸ் நிலையத்தில் பக்கத்தில் நின்ற சிங்களப் பெண் ஒருத்தி, தூக்கிய பிள்ளையோடு, "நங்கி, வேலாவ கீயத?" என்று மணி கேட்டாள். ஜீவராணியின் கை பழக்கத்தில் எதிர்க் கடைக் கடிகாரத்தின் பக்கம் எழும்பியது. பாதியில் கீழே இறங்கியது. முள்ளை நன்றாகப் பார்த்து, நாலே முக்கால் என்று சிங்களத்தில் சொன்னாள்.

அந்தப் பெண் விடவில்லை. பழைய நேரமா, புது நேரமா என்று கேட்டாள்.

"இப்ப ரெண்டும் ஒண்ணுதான்" என்று ஜீவராணி தமிழிலேயே சொல்லிவிட்டாள். தோட்டத்து பஸ் வந்தது. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போது அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.