ஆமை ஏன் சிரித்தாள்

சட்டைக் கம்பெனியில் பதினாறு வருஷமாக சூப்பர்வைசராக இருப்பவருக்கு, கீழே வேலை செய்பவர்களைக் கொடுமைப்படுத்தாமல் நடத்துவது எப்படி என்று ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். எரிச்சலோடு போனவர் குழம்பிப் போய்த் திரும்பினார். பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவதும் கொடுமைதானாம். கொடுமைக்காரன் என்றால் கண்ணை உருட்டிக்கொண்டு வருவான் என்றல்லவா அவர் நினைத்திருந்தார்! இவர் யாரையும் அதட்டிக்கூடப் பேசமாட்டார், வேடிக்கையாகத்தான் பேசுவார்.

மறுநாள் நேராகக் காலர் சரிபார்க்கும் மேஜைக்குப் போனார். அங்கே இருப்பவள் ஒவ்வொரு காலரையும் இரண்டு தடவை திருப்பிப் பார்ப்பாள். அவளுக்கு ‘ஆமை’ என்று பெயர் வைத்தவர் இவர்தான். ஒன்பது வருஷமாக அவர் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் அந்த வரிசையே சிரிக்கும், அவளும் சிரிப்பாள்.

“ஏம்மா, ஆமைன்னு கூப்பிடறது உனக்குக் கஷ்டமா இருக்கா?”

அவள் கையிலிருந்த காலரைக் கீழே வைக்கவில்லை. “போன வருஷம் கேட் வாசல்ல வெச்சுக் கூப்பிட்டீங்கண்ணே. பக்கத்துல என் பொண்ணு நின்னா. இப்ப வீட்டுல அவளும் அப்படித்தான் கூப்பிடறா.”

அவர் விடாமல் கேட்டார். “பின்ன ஏம்மா நீயும் சேர்ந்து சிரிச்ச?”

“நீங்க சூப்பர்வைசர். நீங்க சிரிக்கும்போது நான் சிரிக்காம என்னண்ணே பண்றது?” என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள்.

வரிசையே சிரித்தது. பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக, யார் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அவர் நின்றார்.