முயல் என்று எழுதிய குப்பி

கண்டாவளை வீரையாவின் மகள் அனோஜாவை ஆறு வருடமாக எனக்குத் தெரியும். ஆய்வுகூடத்தில் அடுத்த மேசை அவளுடையது. எலி மூளையை முடியிலும் மெல்லிசாகச் சீவுகிற கை. அவளைப் போய்க் கவனமில்லாத பிள்ளை என்கிறார்கள்.

நாலு மாதம் காத்திருந்து வந்த குப்பி அது. முயலின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த பிறபொருளெதிரி. நரம்புக் கலங்கள் ஒன்றோடொன்று பேசும் இணைப்பிலுள்ள ஒரு புரதத்தைத் தேடிப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தை ஒளிரவைத்து நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம். மொத்தம் இரண்டு மூன்று சொட்டு, குளிரிலேயே இருக்கவேண்டும். மாத முடிவுக்குள் அந்தப் படங்கள் கிடைக்காவிட்டால் அவளுடைய மேற்படிப்பு போய்விடும்.

எங்கள் உறைபெட்டி பழுது. வெள்ளிக்கிழமை அலுவலகக் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் குப்பியை வைத்து, எல்லோருக்கும் விளங்கட்டுமென்று "முயல். தொடவேண்டாம்" என்று தமிழில் எழுதி ஒட்டினாள். திங்கள் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல். லீவு போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனாள்.

அன்று தலைமை எழுதுநர் ஜெகதீஸ்வரி, பின்னேரம் பொங்கலுக்குக் கொண்டுபோகும் பாலை வைக்கப் பெட்டியைத் திறந்திருக்கிறார். முயல் என்றதும் இறைச்சியாக்கும் என்று நினைத்து, கடதாசியால் பிடித்து யன்னலில் வைத்துவிட்டார். செவ்வாய் வரை வன்னி வெயிலில் கிடந்தது. ஏனென்று கேட்டேன்.

"பொங்கலண்டு பாலோட மச்சத்தை வைக்கேலுமே?" என்றார்.

சரி, தெரியாமல் செய்த பிழை என்று நானும் விட்டிருப்பேன். அதோடு நிறுத்தினாரா?

"தோட்டக்காட்டில இருந்து வந்ததுகளுக்கு உந்த ஆசாரமெல்லாம் எங்க தெரியப்போகுது!"

சீ! வீரையா மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, காடு வெட்டி வயலாக்கிய மனிதர். அவர் விளைவித்த நெல்லைச் சமைக்கும்போது இந்த ஆசாரம் எங்கே போயிருந்தது?

துறைத்தலைவர் அனோஜாவிடம் ஒரு கடிதத்தை நீட்டினார். குப்பி அவளுடைய கவனக்குறைவால் பழுதானதாம்.

"சைன் வையும் பிள்ளை. மூண்டு மாத நீடிப்பு வாங்கித் தாறன். ஜெகதீஸ்வரி பென்சன் போற நேரம், பாவம்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

அனோஜா கடிதத்தை வாங்கிக்கொண்டு வந்தாள். வெயிலில் கிடந்த அந்தக் குப்பியிலிருந்தே எடுத்து ஒரு மூளைச் சீவலுக்குச் சாயமேற்றி, மறுநாள் நுணுக்குக்காட்டியில் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஒரு புள்ளி ஒளியில்லை. படத்தை அச்செடுத்தாள். கடிதத்தின் பின்பக்கத்தில் நடந்ததை நடந்தபடி எழுதி, படத்தையும் சேர்த்துக் குத்தி, ஜெகதீஸ்வரியின் மேசையில் வைத்தாள்.

"அக்கா, திங்கள் நானும் வற்றாப்பளையில பாற்செம்போட நிண்டனான். இந்தச் சோதினை சரிவர வேணுமெண்டுதான் நேந்தனான். அம்மாளாச்சிக்கு என்னைத் தெரியும். ஆறு வருசம் பக்கத்தில இருந்த உங்களுக்குத்தான் தெரியேல்லை. கடிதம் கிடைச்சதெண்டு முத்திரை குத்தித் தாங்கோ."

ஜெகதீஸ்வரி மேசை லாச்சியைத் திறந்து தேடினார். மூடினார். மறுபடி திறந்தார். அனோஜா கதிரையை இழுத்துப்போட்டு அவருக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

முத்திரை மேசைக்கு மேலேதான் இருந்தது.