புளியமரத்தில் ஒரு வெள்ளைத் திட்டு

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில், ஒரு வளைவில் டீக்கடையை ஒட்டி நிற்கும் புளியமரத்தின் பட்டை எனக்கு வேண்டியிருந்தது. ஒரு மருத்துவமனைச் சுவருக்கு, மரப்பட்டை பதிந்த செராமிக் பலகைகள் செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். சாரல் காலம், மண் காயவே இல்லை. அவசரப்பட்டு ஈரத்தோடு சூளையில் வைத்த முதல் பலகை வெடித்துச் சிதறியது. அடுத்ததும் அப்படியே போய்விடுமோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.

மண் ஒட்டாமலிருக்க வெள்ளைக் களிமண் பொடியைப் பட்டையில் தடவி, சப்பாத்தி போலத் தேய்த்த மண்ணை அதன்மேல் வைத்து அழுத்தினேன். எடுத்தபோது வெடிப்பும் முடிச்சும் அப்படியே பதிந்திருந்தன. மரத்தில் மட்டும் ஒரு வெள்ளைத் திட்டு நின்றது.

டீக்கடைக்கார அக்கா அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தார்.

"ஏட்டி, என்னத்தப் பூசுத? ரோட்டுக்கு மரத்த வெட்டப் போறாவளா? ஆபீஸ்ல இருந்தா வந்துருக்க?"

"இல்லக்கா, மண்ணுல படம் செய்யுதேன். இது வெறும் பொடி."

"போன வருசம் அங்கன இப்படித்தான் வெள்ளையடிச்சு நம்பர் போட்டாவ. மறுவாரம் ஒரு மரம் இல்ல. நெழலு போச்சுன்னா எங் கடைக்கு எவன் வருவான்?"

துப்பட்டா முனையை நனைத்துத் திட்டைத் துடைத்தேன். அவர் நம்பட்டும் என்று என் போன் நம்பரையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்தப் பலகை காய்வதற்குள் அழைத்துவிட்டார். "மறுபடியும் பூசிட்டியா? வந்து தொடச்சிட்டுப் போ."

பஸ் பிடித்துப் போனேன். மரத்தின் சாலைப் பக்கம், வெள்ளைப் பெயிண்டில் ஓர் எண். தேய்த்துப் பார்த்தேன். விரலில் எதுவும் ஒட்டவில்லை.

"இது நான் இல்லக்கா."

"தெரியும்," என்றார் அந்த எண்ணையே பார்த்தபடி. "நீயா இருந்தா நல்லாருக்குமேன்னு கூப்பிட்டேன்."

வெட்டுவதற்கா, வெறுமனே கணக்கெடுக்கவா என்று கேட்ட இடத்திலெல்லாம் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. வெட்ட வருவதற்குள் எதையாவது செய்தாக வேண்டும் போலிருந்தது. மழை விட்ட நேரங்களில் போய், கை எட்டிய உயரம்வரை மரத்தைச் சுற்றி அச்செடுத்தேன். கடையில் ஆளில்லாதபோது அக்கா மண் சரியாமல் தாங்கிக்கொண்டார்.

"சூளைல இது வெடிச்சுராதுல்லா?"

"தெரியலக்கா."

இந்தத் தடவை நன்றாகக் காயவிட்டேன். சூளையைத் திறந்த காலையில் ஒன்றில் குறுக்கே விரிசல். மற்றவை முழுதாக இருந்தன. மருத்துவமனைக்கு வேண்டியதைக் கொடுத்தேன். விரிசல் விட்டதை அக்கா கேட்டு வாங்கித் தன் கடையில் சாத்தி வைத்திருக்கிறார்.

மரத்தை இதுவரை யாரும் வெட்டவில்லை. குற்றாலம் பஸ்ஸில் போகும்போதெல்லாம், அந்த வளைவு வருவதற்கு முன்பே எழுந்து, குனிந்து, ஜன்னல் வழியே பார்த்துவிடுகிறேன்.